பதினொரு கடவுச்சொற்கள்

பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
சோஹார் துறைமுகத்தில், ஏழாம் நம்பர் போர்ட்டா கேபினில்
என் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.
டைம்கீப்பர். பிளஸ் டூ. இங்கிலீஷ் வாசிப்பேன்.
அது போதும் இங்கே.

திரையைத் திறந்தால் எல்லாம் சிவப்பு.
கொளஞ்சிக்கு மூன்று பாடம் பாக்கி.
ஜெபஸ்தியானுக்கு ஐந்து, அதில் ஒன்று
கெடு முடிந்து நாற்பத்தொரு நாள்.
வியாழக்கிழமை ஆடிட்.
"அதுக்குள்ள எல்லாம் பச்சையாகணும்"
என்று போய்விட்டார் சேஃப்டி நாயர்,
நாற்று நட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி.

பதினொரு பேரின் கடவுச்சொல்லும்
என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்.
எல்லய்யாவுடையது மகளின் பெயர், பிறந்த தேதி.
அன்றைக்கு அவருக்கு நைட் ஷிப்ட்.
டைம்ஷீட் என்னிடம் இருக்கிறது.
கொளஞ்சியுடையது வெறும் எண்: 485000.
என்னடா இது என்றேன்.
"வட்டி சேக்காம" என்றான்.
ஜெபஸ்தியான் மட்டும்
கம்பெனி கொடுத்ததையே வைத்திருக்கிறான்,
வெல்கம் ஒன்று இரண்டு மூன்று.

முதலில் வீடியோ. ஓட்டிவிட முடியாது;
'அடுத்து' என்கிற பொத்தான்
கடைசி நொடி வரை சாம்பல் பூசிக் கிடக்கும்.
ஒரு கார்ட்டூன் ஆள் சாரத்தில் ஏறுகிறான்.
அவன் சட்டையில் உப்புப் பூப்பதில்லை.
பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு
என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், பதினொரு தடவை.
ஏழாம் தடவை நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்தது வெப்பம். எட்டுக் கேள்வி.
ஐந்தாவதற்கு 'மேற்கண்ட அனைத்தும்'.
மூத்திரத்தின் நிறத்துக்கு ஒரு அட்டவணை,
பெயின்ட் கடை அட்டை போல,
இளமஞ்சளிலிருந்து கடுங்காப்பி வரை.
எல்லாரும் நூற்றுக்கு நூறு என்றால் சந்தேகம் வரும்.
எல்லய்யாவுக்கு ஒன்றை வேண்டுமென்றே தப்பாக்கினேன்.
எண்பத்தேழரை. கோபிக்கமாட்டார்.

கடைசியாக என் பெயரில் ஒரு பாடம்: நேர்மை.
பதினெட்டு நிமிடம்.
நான்காம் கேள்வி:
சக ஊழியருக்காகப் பயிற்சியை
நீங்கள் முடித்துக் கொடுத்ததுண்டா?
இல்லை என்பதை அழுத்தினேன்.
சரி என்றது.
கலர் காகிதத் துண்டுகள்
திரை முழுக்கக் கொட்டின, யாருக்கோ கல்யாணம் போல.

சாயங்காலம் கேம்ப் பஸ்ஸில்
கொளஞ்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
"இன்னைக்கு நான் என்னண்ணே படிச்சேன்?"
கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.
ஆடிட்காரன் கேட்டால் சொல்லவேண்டுமே அவனுக்கு.

சொன்னேன்.
தண்ணீர், நிழல், உப்பு, அந்த நிற அட்டை.
பல்குச்சியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான்.

"வேர்க்கிற வரைக்கும் பயமில்லண்ணே.
வேர்வை நின்னு போயி
திடீர்னு சில்லுன்னு ஆகும் பாரு.
மேல பைப் ராக்ல நிக்கறப்ப
ரெண்டு தடவ ஆச்சு எனக்கு.
சொகமா இருக்கும்.
எறங்கவே தோணாது.
அது கேள்வியில வந்துச்சா?"

வரவில்லை என்றேன்.

ரவுண்டானா தாண்டி பஸ் கேம்ப் ரோட்டில் திரும்பியது.
ஏசி ஓடவில்லை. ஜன்னலும் திறக்காது.
ஒவ்வொரு விளக்குக் கம்பம் வரும்போதும்
அவன் நெற்றியைப் பார்த்துக்கொண்டேன்.