இரண்டு பெருவிரல்கள்

வவுணதீவுக்கு அங்கால, ஆயித்தியமலை றோட்டு.
விடிய ஐந்தே முக்கால்.
பனி இன்னும் வயல்மேல் படுத்திருக்கிறது.
நில அளவை நாடாவால் அளந்து
சுண்ணாம்பில் கிழித்த கோடுகள்: நானூற்றிரண்டு மீற்றர்.
அந்தக் கோட்டில் வேணுஜன். இந்தக் கோட்டில் நான்,
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில்
மூன்றாம் இடத்துக்கு நேரம் எடுத்தே பழகிய
மணிக்கூட்டோடு.

சத்தத்தை நம்பாதே, புகையைப் பார்த்து அமத்து என்று
அப்போது சொல்லித் தந்தார்கள்.
இங்கே புகை இல்லை, ஒரு சிவப்புத் துவாய்.
அது விழ, அமத்துகிறேன்.
உறுமல் ஒரு செக்கன் பிந்தித்தான்
வரம்பு வழியே வந்து சேர்கிறது.

அதனால்,
ஒன்றை விட்டு இரண்டுக்கு அவன் போகையில் விழும்
அந்தச் சின்ன மௌனம்
எனக்குக் கேட்கும்போது
அவன் அதற்கும் அங்கால எங்கோ.
நான் கேட்பதெல்லாம் அவன் கடந்துவிட்ட இடைவெளி.
கிட்ட வர வரத்தான்
மௌனமும் அவனும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள்.

கிளச்சைப் பிடித்து, முறுக்கை விட்டு,
லீவரைத் தூக்கி, திரும்ப முறுக்கும் வரை
அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு.
எண்பதில் போகிறவனுக்கு அது ஒரு சீ.ரி.பி. பஸ் நீளம்.
அவ்வளவு தூரமும் எஞ்சின் அவனோடு இல்லை.
முந்தி வாங்கிய வேகத்தைச் செலவழித்தபடி
காற்றுக்கு முகம் கொடுக்கிறான்.
"சம்பளம் வராத மாசம் மாதிரிகா" என்றான் ஒருநாள்.
ஐஸ் கம்பனியில் வேலை. அவனுக்குத் தெரியும்.

பதினெட்டு தசம் ஆறு இரண்டு.

மறுகா ஒரு கிழமை ஆளைக் காணவில்லை.
நடுஸ்ராண்டில் சைக்கிளை ஏற்றி
எஞ்சினை எழுப்பாமல்
கியர் மாற்றிக்கொண்டிருந்தானாம், இரவெல்லாம்.
அரசடியில் லீவரை வெட்டி ஒட்டி,
கிளச்சை இரண்டு விரலுக்கு இளக்கி.
இடது சப்பாத்து தேய்ந்து
பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.
மாற்றும் முன்னமே அந்த விரல்
லீவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கவேணும்.
முறுக்கு ஒரு நூல் இளகினால் போதும்,
பல்லுச் சக்கரம் தானே தாவும்.

தாவியது. பதினெட்டு தசம் மூன்று ஒன்று.
மிச்சம் பிடித்ததை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன்.
"முன்னுக்கு நிப்பன்" என்றான்.

ஆசை அதற்குப் பிறகுதான்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு பொய் நியூற்றல் உண்டு,
அவசரப்பட்ட விரல் விழுகிற கிடங்கு.
எஞ்சின் அலறியது, சில்லுக்கு ஒன்றும் தெரியாது.
ஆட்காட்டிகள் வயலால் கிளம்பி அவனைத் திட்டின.
இருபது தசம் ஏதோ. நான் எழுதவில்லை.

ஏறாவூர் இல்ஹாம் ஐந்தாம் கியரைத் தொடுவதேயில்லை.
கடைசி ஐம்பது மீற்றருக்கு
நாலாவதைக் கதறக் கதற இழுத்து வந்தான்.
ஒரு மௌனம் மிச்சம்.
பதினெட்டு தசம் இரண்டு ஏழு.

வேணுஜனின் கடைசி ஓட்டம்
பதினெட்டு தசம் இரண்டு இரண்டு.

பெடியள் கத்தினார்கள். பந்தயம் கொத்தும் சோடாவும்.
இல்ஹாம் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றி
என் கையைப் பார்த்தான்.
"தங்கச்சி, உங்கட விரல் எவ்வளவு?"

துவாயைக் கண் கண்டு,
கண் விரலுக்குச் சொல்லி,
விரல் அமத்தும் வரை
நானும் உள்ளுக்குள் ஒரு கியர் மாற்றுகிறேன்.
செக்கனில் நூற்றில் ஐந்தை
அதைவிட நாலு மடங்கு தடித்த விரலால்
அளந்திருக்கிறேன்.
சொன்னேன்.

ஒருவரும் பேசவில்லை.
பிறகு மணிக்கூடு கைமாறியது.
தொடங்கு, உடனே நிறுத்து, ஆருக்குக் குறைவு பார்ப்பம்.
வேணுஜன் தசம் ஒன்று இரண்டு.
இல்ஹாமும் அதே.
எனக்குத் தசம் ஒன்று ஐந்து.
நெல் மூட்டையோடு வந்த உழவு மெசின்
ஹோன் அடித்து விலத்தும் வரை
சுண்ணாம்புக் கோட்டிலேயே நின்றோம்,
எல்லாரும் பெருவிரலை நீட்டிக்கொண்டு.

எட்டரைக்கு எனக்கு வேலை.
ஸ்கூட்டியை எழுப்பினேன்.
அதற்குக் கியரும் இல்லை, மௌனமும் இல்லை.
வலையிறவுப் பாலம் வரை
ஒரே குரலில் முனகிக்கொண்டு வந்தது.