பிளாஸ்திரி

எண்ணூரில் அனல்மின் நிலையம் கடலை உறிஞ்சும் குழாய்க்குள்
மாதம் இரண்டு முறை இறங்குகிறேன்.
மேலே கயிறு பிடித்திருப்பவன் தேசப்பன்.
ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தூக்கு.
மூன்றுக்கு நாங்கள் எதுவும் பேசி வைக்கவில்லை.

சுரண்டியால் அடிக்கிறேன்.
ஆளி விழுகிறது, நார் விழுவதில்லை.
ஓடு போன பின்னும் இரும்பில் நிற்கிறது
பழுப்பாய் ஒரு கற்றை,
ஆள் காலிசெய்த வீட்டின் கொடிக்கயிறு மாதிரி.

போன வருஷம் காலேஜ் பெண் ஒருத்தி
பக்கெட்டோடு வந்து நின்றாள்.
"சுரண்டாம குடுங்கண்ணே, உசுரோட, ஒட்டினபடியே."
துருப்பிடித்த தகட்டோடு பெயர்த்துக் கொடுத்தேன்.
கண்ணாடித் தொட்டியில் காட்டினாள்:
நாக்கு மாதிரி ஒரு கால்.
தடவிப் பார்க்கிறது. அழுத்துகிறது.
அடியில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு
அந்த இத்துனூண்டு இடத்தில் புரதத்தைக் கசியவிடுகிறது.
சில நிமிஷம். கால் எழுந்தால்
அங்கே ஒரு நூல்.
"கடல்ல கரைஞ்ச இரும்பையும் சேத்துக்கும்,
அதான் அவ்ளோ கெட்டி."

எங்கள் முகத்துவாரத்தில்
சாம்பல் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது.
அதையெல்லாம் என்ன செய்யும் என்று
கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓடு கட்டைவிரலைக் கிழித்தது.
மெடிக்கலில் இரண்டு ரூபாய்ப் பிளாஸ்திரி.
இறங்கியதும் கழன்று
முகக்கண்ணாடிக்கு முன்னால் மிதந்து போனது,
அதற்கென்று வேறு வேலை இருப்பது போல.

கேட் பாஸில் ஒட்டிய போட்டோவும் அப்படித்தான்,
முதல் மழைக்கே போச்சு.
செக்யூரிட்டி என் மூஞ்சியை மனப்பாடமாய் வைத்திருக்கிறார்.
காண்டிராக்ட் ஆறு மாசம்.
அப்புறம் வேறு கம்பெனிப் பெயர், அதே சுரண்டி.

நேற்று வளைவில்,
பன்னிரண்டு நாள் முன்பு சுரண்டிய இடத்தில்,
நகக்கண் அளவுக் குஞ்சுகள்
பழைய நாரின் மேலேயே நூல் போட்டிருந்தன.
டார்ச்சை அருகில் கொண்டுபோனேன்.

எவனோ பக்கத்து பம்ப்பைப் போட்டுவிட்டான்.
தண்ணீர் என்னை மொத்தமாய் உள்ளே இழுத்தது.
கையில் அகப்பட்டது ஒரு கொத்து,
போன முறை எட்டாமல் விட்டது.
அறுபத்தெட்டு கிலோ நான்.
உள்ளங்கை கிழிந்தது.
அது விடவில்லை.

கயிற்றை மூன்று முறை இழுத்தேன்.
தேசப்பன் எதைப் புரிந்துகொண்டானோ,
பம்ப் நின்றது.

மேலே சூப்பர்வைசர் கேட்டார்: "எல்லாம் கிளீனா?"
"கிளீன் சார்."
எழுதிக்கொண்டார்.

வளைவில் ஒரு கொத்து பாக்கி.