திருப்பி_அனுப்பு: நான்காம் திருத்தம்

இரவு ஒன்றே முக்கால்.
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில்
லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டுகின்றன.
கமிஷன் கடை மாடியில், ஏசி சொட்டும் அறையில்
ஒரே ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"சரக்கைத் திருப்பி அனுப்பும். உள்ளீடு: எண்."

தௌலத் எழுதியது, போன ஆடியில்.
அவளுக்கு அது போதும். எங்களுக்கும்தான்.
சந்தேகம் வந்தால் நாற்காலியை உருட்டிக்கொண்டு போவோம்,
முறுக்கைக் கடித்தபடியே சொல்லிவிடுவாள்.
இப்போது அவள் ஓசூரில்.
புதிதாக வந்திருக்கும் ஏஜென்ட்டுக்கோ
உருட்ட நாற்காலி இல்லை.

"எந்த ஊர் ஏஜென்ட்டும்மா?" என்றார்
கீழ்க்கடை ஒச்சாத்தேவர்.
இந்தச் சந்தையில் ஏஜென்ட் என்றால்
நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்கிற ஆள்.
"இது பிடிக்காது, சொன்னதைச் செய்யும்" என்றேன்.
சொன்னதை என்று
எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேன்!

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அது.
நிலக்கோட்டை மல்லியில் ஒரு பெட்டி மட்டும் வாடல்.
ஏழாவது பெட்டி.
ஏழாவது வண்டி திரும்பிப் போனது.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ மொட்டு
சமயநல்லூர் தாண்டி, வாடிப்பட்டி தாண்டி
பிறந்த தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது.
டிரைவருக்குச் செய்தி வந்தது, திருப்பினார்.
அவரும் சொன்னதைச் செய்கிறவர்தான்.
மறுபடி வண்டி வந்தபோது
தாலி கட்டுகிற நேரம்.
பூ விரிந்திருந்தது. விலை சுருங்கியிருந்தது.

"மிஷினுக்குக் கிறுக்கா?" என்றார் ஒச்சாத்தேவர்.
பதிவைத் திறந்து பார்த்தேன்.
அது தனக்குள் பேசியது வரிவரியாக இருந்தது:
எண் என்பது பெட்டியா வண்டியா, குறிப்பில் இல்லை.
வண்டிப் பட்டியலில் ஏழு இருக்கிறது.
எனவே.

அந்த "எனவே"யில் நெடுநேரம் நின்றேன்.
கிறுக்கு இல்லை.
நாங்கள் எழுதியது முழுவதையும் படித்திருக்கிறது.
எழுதாததைப் படிக்கவில்லை, அவ்வளவே.

மாடு விற்ற தாவணி இது. பெயரிலேயே இருக்கிறது.
துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான்
விலை பேசியிருப்பார்கள்.
விரலுக்குத் தெரியும், விரலுக்கு மட்டும்.
எனக்கு வாய்த்தது
துண்டை உதறிப் போடுகிற வேலை.

எழுதினேன்:

"ஒரே ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பும்.
வண்டியை அல்ல. வண்டிக்கு வேறு கருவி உண்டு.
பெட்டி எண் என்பது
பெட்டியின் பக்கவாட்டில் நீல மையில் இருப்பது.
எடை கிலோவில். முழத்தில் தராதே.
முழம், அளக்கிறவர் கையைப் பொறுத்தது.
அனுப்பியதை மீட்க முடியாது."

முழத்தைப் பற்றிய வரியை அழித்தேன்.
வேடிக்கைக்கு எழுதியதுபோல் இருந்தது.
அப்புறம் மல்லிகை கட்டும் ஜக்கம்மாவின் கையையும்
எதிர்வரிசை ராயப்பனின் கையையும் நினைத்துப் பார்த்து
திரும்ப எழுதினேன்.

கடைசி வரி:
"சந்தேகம் இருந்தால் கேள்."
யாரிடம்?
தௌலத் எண்ணைத் தட்டிவிட்டு நீக்கினேன்.
என் எண்ணைப் போட்டேன்.

மூன்று நாற்பதுக்கு போன் அதிர்ந்தது.

"பெட்டி எண்ணில் மை கரைந்திருக்கிறது.
ஏழாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.
படம் தெளிவாக இல்லை. அனுப்பாமல் நிறுத்தியிருக்கிறேன்."

செருப்பைத் தேடவில்லை.
படி இறங்கி, ஈரச் சாக்குகளை மிதித்து
விளக்குக் கம்பத்தடியில் குனிந்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஐஸ் தண்ணீர் வழிந்து நீலம் கீழே இழுத்திருந்தது.
சுமை தூக்குகிறவர் "தள்ளும்மா, தள்ளு" என்கிறார்.
விரலால் துடைத்தேன்.

ஒன்று.

பதில் அனுப்பிவிட்டு மேலே ஏறினேன்.
விசைப்பலகையில் நீலக் கறை ஒட்டியது.
ஐந்தாம் திருத்தம்:
"மை நனைந்திருந்தால்