லப்பன் என்ற சொல்லுக்கு

விதி இதுதான்: மொழிபெயர்ப்பவள்
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது.
‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
ஆகவே பெர்ன் நகரில் ஒரு செவ்வாய்க்கிழமை
பத்தேகால் மணிக்கு
யோகரத்தினத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:
நாளை மறுநாள் உங்கள் கழுத்தை நான் திறப்பேன்.

டாக்டர் ஏஷ்பாகர் தாளில் படம் வரைந்தார்.
கட்டி பெரிய நாடியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது,
நாடியையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.
எடுத்த இடத்துக்கு இடது காலிலிருந்து ஒரு நாளம்.
அதன்மேல் மூடத் தொடையிலிருந்து
ஒரு லப்பன்.

அங்கே நின்றுவிட்டேன்.
ஜெர்மனில் அது தட்டுத் துடைக்கும் துணியும்தான்.
பத்தொன்பது வருடம் உணவகமொன்றின் அடுக்களையில்
அந்தத் துணியோடு நின்றவருக்கு
நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.
“கழுத்திலை துணியே வைக்கப் போறா, தங்கச்சி?”

ஒட்டு எனலாம். அது மாங்கன்றுக்கு.
தோல்துண்டு என்றால் இறைச்சிக்கடை வாசம்.
இது வெறும் தோலுமல்ல;
அடியில் கொழுப்பு, தனக்கென்று ஒரு நாடி, ஒரு நாளம்,
வேரோடு எடுத்து வேரோடு நடுவது.
மணிக்கணக்கில் காசு வாங்குகிறவள்
ஒரு சொல்லுக்காக இரண்டு பேரைக் காக்க வைத்தேன்.
மடல், என்றேன் கடைசியில். காது மடல் மாதிரி.
“மடல் எண்டால் கடிதமெல்லே?”
அதையும் ஜெர்மனில் சொல்லவேண்டி வந்தது.
டாக்டர் அந்தச் சொல்லை எழுதிக் காட்டச் சொன்னார்.
படத்தின் ஓரத்தில், எழுத்தை எழுதாமல்
வரைந்துகொண்டார்.

பிறகு நாளத்தைப் பற்றி, நானாக:
உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன,
எல்லாம் ஒரே பக்கம் திறப்பவை.
கணுக்கால் பக்கத்து நுனியைக் கீழே தைப்பேன்,
தொடைப் பக்கத்தை மேலே.
மாற்றித் தைத்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும்.
அதற்கு ஏறத்தான் தெரியும்.
சொல்லி முடித்தபோது
என் விரல்கள் ஊசி பிடிப்பதுபோல் குவிந்திருந்தன.

“களைச்ச ரத்தத்தை ஏத்தித் திரிஞ்சது.
நெஞ்சிலையிருந்து வாற அடியைத் தாங்குமோ?”
தாங்கத் தாங்கச் சுவர் தடிக்கும், என்றேன்.
டாக்டர் சொன்னது அவ்வளவுதான்.
இன்னும் ஏதாவது சேர்க்க வாய் வந்தது. சேர்க்கவில்லை.

மயக்கத்தில் இருப்பவருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.
அந்தப் பதினொரு மணிநேரத்தில்
பள்ளிக்கூடமொன்றில் ஒரு தாய்க்கு
பனிச்சப்பாத்தின் அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் இரவு தொலைபேசி.
மடல் நீலம் பாரிக்கிறதாம்.
இரத்தம் உள்ளே போகிறது, வெளியே வரத் தெரியவில்லை.
தாதி ரெகுலா ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினாள்,
உள்ளே கறுப்பாக நெளிந்தன.
இதற்குச் சொல் தேடவேண்டியிருக்கவில்லை.
மூச்சுக்குத் தொண்டையில் துளை போட்டிருந்தார்கள்;
யோகரத்தினம் தாளை வாங்கி எழுதினார்:
இஞ்சையும் அட்டையோ?
எழுதிவிட்டுத் தலையாட்டிச் சம்மதித்தார்.

மூன்று நாள் அட்டைகள் குடித்தன.
மணிக்கொரு தடவை ரெகுலா
பேனை போன்ற ஒன்றை மடலில் வைத்துக் கேட்டாள்.
உஷ், உஷ், உஷ்.
கனவிலே யாரோ தட்டுக் கழுவுகிற மாதிரி இருந்தது என்று
பின்னால் எழுதிக் காட்டினார்.

பங்குனியில் திரும்பவும் அதே அறை.
குரல் வந்திருந்தது, உமியில் நடக்கிற குரல்.
“முகம் வழிக்கேக்கை இப்ப தொடையையும் வழிக்கிறன்.
ட்ராமிலை எல்லாரும் என்ரை தொடையைப் பாக்கினம்.”
விதிப்படி நான் ஜெர்மனில் சொன்னேன்:
ட்ராமில் எல்லோரும் என் தொடையைப் பார்க்கிறார்கள்.
ஏஷ்பாகர் முதன்முறையாகச் சிரித்தார்,
சிரித்தபடியே இரண்டு விரலை அவர் கழுத்தில் வைத்தார்,
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ணினார்.

கோப்பில் அந்தப் பழைய படம் கிடந்தது.
ஓரத்தில் டாக்டர் வரைந்த சொல்: மடல.
ஒற்றுக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.
நான் பார்த்தும் பேசாமலிருந்தேன்.
யோகரத்தினம் மேசையிலிருந்த பேனையை எடுத்து,
கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு சாய்ந்து,
ஒரு புள்ளி வைத்தார்.