மூன்றாம் நம்பர் மதகு

பொழுதோடு ஆறு பத்துக்குப் போன் வரும்.
"ஏனுங், இன்னைக்கு எவ்வளவுங்?"
எண்ணை மட்டும் சொல்வேன்.
ஆயிரத்து நாற்பதுங்க.
"அப்பச் செரிங்."
சென்னிமலைக்கு இந்தப்பக்கம் எங்கேயோ
ஆற்றோரம் நாலு ஏக்கர், பதினோரு உருப்படி.
முகம் தெரியாது. பேர் வெள்ளியங்கிரி.
நொய்யல் பிறக்கிற மலையின் பேர்.
டிடிஎஸ் எண்ணை வெளியாளுக்குச் சொல்லக் கூடாதென்று
ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

முதல் தடவை பேசினபோது கேட்டார்:
"அங்க மழைங்களா?"
இல்லைங்க, காத்துத் தொட்டிங்க,
விசிறி தண்ணியை வாரி அடிக்குதுங்க.
"மழையாட்டவே கேக்குது" என்றார்.
கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

ராத்திரி ஷிஃப்டில் திருப்பூர் எனக்கு ஒரு மீட்டர் முள்.
நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்குக் குளிப்பவர்கள்.
ஏழு மணிக்கு மேடு.
ஞாயிறு பதினொன்றுக்குக் கறி கழுவின தண்ணீர்.
போனஸ் வாங்கி ஊர் காலியான தீபாவளிக்கு
முள் படுத்தே கிடக்கும்.
மேட்டுப்பாளையத்தில் குழாயேறி வந்த பவானி இது.
கூடுதுறைக்குப் போயிருக்க வேண்டியது,
லைன் வீட்டு முதுகுகளிலும் பங்களாக் கக்கூஸிலும் இறங்கி
நொய்யல் என்று பேர் மாற்றிக்கொண்டு
வேறு வாசலில் காவிரிக்குள் நுழைகிறது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி
யாரோ ஒரு லாரி, ஏதோ ஒரு மேன்ஹோல்.
விடியும்போது தொட்டி கத்தரிப்பூ நிறம்.
நேற்றுவரை மைக்ரோஸ்கோப்பில்
காம்பில் நின்று மணியாட்டின உயிர்கள்
வாய் மூடிக் கிடந்தன.
நல்ல தொட்டி மணக்கும்,
புழுதியில் முதல் தூறல் விழுந்தாற்போல.
நான் குனிந்து குனிந்து முகர்ந்தேன்.

ஆறு பத்து.
மூவாயிரத்து எழுநூறுங்க.
மூச்சு மட்டும் கேட்டது.
"பண்டத்துக்குக் காட்ட வேண்டாமுங்களா?"
வேண்டாமுங்க.
"நாளைக்கு நோம்பி. ஆத்துல புள்ளைங்க எறங்குமுங்."
நான் எண் சொல்கிறவள்தான்.
எறங்க வேண்டாமுங்க என்றேன்.

பக்கத்து ஊர் நிலையத்தில்
உறைமோர் வாங்குவதுபோல்
டேங்கரில் சேறு கடன் வாங்கி ஊற்றினோம்.
நாலு டின் மொலாசஸ், ஒரு மூட்டை யூரியா.
பச்சை உடம்புக்காரிக்குப் பார்ப்பதுபோல்
வேளாவேளைக்குப் பார்த்தோம்.
பதினாலாம் நாள் ஒரு மணி ஆடியது.
ஒன்றே ஒன்று.
இளங்கோதையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ம்" என்றாள், டிபன் பாக்ஸ் கழுவப் போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் ஐந்தரைக்கே மேற்கு கறுத்தது.
தெருவெல்லாம் மழையை வாரிக்கொண்டு எங்களிடம் வந்தது.
வரத்து இரட்டித்தால் விதி ஒன்றுதான்:
மூன்றாம் நம்பர் மதகைத் தூக்கு,
மிஞ்சினதை வந்தபடியே ஆற்றில் விடு,
இல்லையென்றால் தொட்டி உயிரெல்லாம்
அடித்துக்கொண்டு போய்விடும்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சக்கரத்தைச் சுற்றினேன்.
"விசிறிச் சத்தம் இன்னைக்குப் பெருசா இருக்குதுங்."
கரண்ட் போயிருச்சுங்க, விசிறி நின்னு அரைமணி ஆச்சு.
இது மழைங்க.

அந்தப் பக்கமும் தகரம் தடதடத்தது.
"இங்கயும் புடிச்சிருச்சுங்" என்று சிரித்தார்.
எண் கேட்கவில்லை.
மதகைப் பற்றி நானும் சொல்லவில்லை.
கையில் இன்னும் ஆறு சுற்று பாக்கி.