மேலதிகம்: ஒன்று

மாகாணத்திலிருந்து வந்த அட்டவணையில்
கெல்வின்மோர் மேற்பிரிவுப் பாடசாலைக்கு நேரே
பதினோராம் பத்தியில் இருந்தது அது.
மேலதிகம்: ஒன்று.
அட்டவணைகள் பெயர் எழுதுவதில்லை.
ஞானப்பிரகாசிதான் கோப்பைப் புரட்டிச் சொன்னாள்:
"கிரிஷாந்தி, மெடம். கணக்கு டீச்சர்."

சுவரில் வலயத்தின் வரைபடம்,
பாடசாலைக்கு ஓர் ஊசி.
பொறுப்பேற்ற நாளில் வாங்கிய பெட்டி
எப்போதோ தீர்ந்துவிட்டது.
லயத்தைவிட்டு டவுனுக்கு இறங்கிய குடும்பங்கள்
ஹட்டன் ரயில் பாதையோரப் பள்ளியை
வீங்க வைத்திருக்கின்றன.
ஆயிரத்து நூறு பிள்ளைகள்.
தரம் பத்து 'ஈ' தகரக் கொட்டகையில்.
மழை பிடித்தால் பாடம் நின்று
கூரை பேசும்.
அதிபர் அந்தோனிமுத்து காலையில் ஒருமுறை,
இடைவேளைக்கு ஒருமுறை போன் எடுப்பார்.
"ஒரே ஒரு கணக்கு டீச்சர், மெடம்."

அவர் கேட்பதும் ஒன்று.
அட்டவணை கொடுப்பதும் ஒன்று.
இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு
என் மேசையில் தீர்ந்ததே இல்லை,
அதனால்தான் சந்தேகம்.
'சேவையின் அவசியம் கருதி' என்று தொடங்கும் கடிதத்தை
ஒப்பமிடாமல் பையில் வைத்துக்கொண்டு
மேலே போனேன்.

மதகடியில் ஜீப்பை நிறுத்தினான் பண்டார.
"இதுக்கு மேல போகாது, நோனா."
மிச்சம் நடை.
கொழுந்து நிறுக்கும் இடத்தில்
சாக்குப் படங்குக்காரி ஒருத்தி கேட்டாள்:
"இஸ்கூல மூடவா வந்தீங்க?"
இல்லை என்றேன்.
பை கனத்தது.

ஒரே மண்டபம்.
இரண்டு அலுமாரிகள்தான் சுவர்கள்.
கிரிஷாந்தி என்னைப் பார்க்கவில்லை,
கரும்பலகையில் பின்னம் நடந்துகொண்டிருந்தது.
"கிலோ கொறஞ்சா அம்மாவுக்கு என்னா போடுவாங்க?"
"அரைப் பேரு!"
"இந்த மாசம் ஆறு அரைப் பேரு. கூட்டினா?"
"மூணு, டீச்சர்,"
என்றாள் சன்னலோரச் சிறுமி.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"ஆனா அம்மா போனது ஆறு நாளு."
கிரிஷாந்தி அதையும் பலகையில் எழுதினாள்.
அழிக்கவில்லை.

இடாப்பில் அறுபத்து மூன்று.
தலைகளை எண்ணினேன்: எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
அதிபர் வேலாயுதன் பிடரியைத் தடவினார்.
"அந்த எட்டுக்கும் பொறப்புச் சான்றிதழ் இல்லீங்க.
வந்ததும் பதியலாம்னு..."
"எத்தனை நாளாய்?"
"இந்தா, இவனுக்கு ரெண்டு வருசம்."

சான்றிதழ் இல்லாமலே சேர்க்கலாம் என
ஒரு சுற்றுநிருபம் உண்டு.
வலயம் முழுக்க அனுப்பியது நான்.
இங்கே அது மடிப்புக் கலையாமல்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது,
என் கையெழுத்தின் மேல் ஒரு வட்டக் கறை.
அவரைத் திட்ட வாயெடுத்தேன்.
அனுப்பிய பின் நானும்தான்
ஏறி வந்து பார்க்கவில்லை.

எட்டுப் பெயரையும் நானே எழுதினேன்.
கடைசிப் பையன் பேனாவைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை,
பாதியில் நிறுத்திவிடுவேனோ என்று.

எழுபதைத் தாண்டினால் நான்கு ஆசிரியர்.
கிரிஷாந்தி இனி யாருக்கும் மேலதிகம் இல்லை.
அவளுக்கு இது தெரியாது,
சொல்லவும் இல்லை.
தெரிந்திருந்தால் டவுனுக்கே வருகிறேன் என்றிருப்பாளோ?
விடியல் பஸ், மூன்று மைல் ஏற்றம், அட்டைக்கடி.
நான் அதைக் கேட்காமலே இறங்கினேன்.

இரண்டாம் வளைவில் சிக்னல் வந்தது,
கூடவே அந்தோனிமுத்து.
"கடிதம் போட்டாச்சா, மெடம்?"
"இல்லை, அதிபர்."
ஏன் என்று கேட்பார் என எழுபத்தொன்றைத்
தயாராக வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
அவருக்குப் பின்னால்
தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது மழை.
அந்தச் சத்தத்துக்குள் நாற்பத்தாறு பிள்ளைகள்
கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார்கள்.

இருவரும் போனை வைக்கவில்லை.
இங்கே இன்னும் ஒரு துளி விழவில்லை.
பண்டார ஏனோ
வைப்பரைப் போட்டான்.