ஆடி

கோரிமேட்டு எல்லையில் எங்கள் பங்க்.
இந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு,
அதனால் அந்தப் பக்கத்து வண்டியெல்லாம்
இங்கே வந்துதான் வாய் திறக்கும்.

ஒன்பது வருஷமாகக் குழாய் பிடிக்கிறேன்.
மூடியைத் திருகும்போதே தெரிந்துவிடும் ஆள் யாரென்று.
பளபளப்பு வண்டி, முள் சிவப்பிலேயே கிடக்கும்,
"ஐந்நூறுக்கு" என்று சொல்ல மட்டும்
கண்ணாடி அரை விரல் இறங்கும்.
வானூரிலிருந்து வரும் பழைய எண்ணூறு,
கதவுக்குக் கயிறு, பின்சீட்டில் புண்ணாக்கு மூட்டை,
"ரொப்பும்மா" என்பார் அவர்,
எண் எங்கே ஓடுகிறதென்று
திரும்பியும் பார்க்க மாட்டார்.

போன ஆடியில் முதல் கடிதம் வந்தது.
வைத்திக்குப்பம், மூன்றாம் குறுக்கு,
கதவு எண் பதினொன்று, மாடி.
முகவரி என்னுடையது.
பெயர் யாரோ வம்சிதர்.

வீட்டுக்காரர் அந்துவானைக் கேட்டேன்.
"புரோக்கர் லூர்துநாதன் கேட்டான்,
இங்கே பதிஞ்சா வரி கம்மியாம்,
மூவாயிரம் குடுத்தான்" என்றார்.
பாதியை வாடகையில் கழிக்கச் சொன்னேன்.
சிரித்தார்.
கழிக்கவில்லை.

ஆக, பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
என்னோடு ஒரு ஆடி காரும் குடியிருக்கிறது.
தண்ணீர் வராத நாளில்
குடத்தோடு வரிசையில் நிற்காது.
மின்கட்டணத்தில் பங்கு தராது.

ரேஷன் அட்டை சரிபார்க்க வந்த பெண்
பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"உங்க கதவு நம்பர்ல நாலு சக்கரம் இருக்கே,
சிவப்பு அட்டை மஞ்சளாயிடும்" என்றாள்.
கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.
உண்மையாகவே குனிந்தாள் அவள்.
இரண்டு பாத்திரம், ஒரு வெங்காயக் கூடை.

அப்புறம் வங்கியின் உறைகள்.
முதலாவதை நான் பிரிக்கவில்லை.
இரண்டாவது மழையில் ஊறித் தானாகப் பிரிந்தது.
மூன்று தவணை நிலுவை.
ஒரு தவணை என் ஏழு மாதச் சம்பளம்.
வீட்டில் சொன்னானோ இல்லையோ,
அவன் கடன் ஏறும் ஒவ்வொரு மாதமும்
முதலில் தெரிவது எனக்கு.
அலமாரியில்
என் சீட்டுப் பணச் சிட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்.

நேற்று ஞாயிறு, விளக்குப் போடும் நேரம்,
கருநீலத்தில் வந்து நின்றது.
எண்ணைப் படித்ததும்
தெருமுனையிலிருந்து யாரோ
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது.

கதவில் நானும் குழாயும் தெரிந்தோம்,
கொஞ்சம் குட்டையாக,
கொஞ்சம் அகலமாக.

அவனுக்கு என் வயதுதான் இருக்கும்.
நகம் கடித்த விரல்.
"ஆயிரத்துக்கு" என்றான். போட்டேன்.
கார்டு எடுக்கவில்லை. இன்னொன்று, அதுவும்.
போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பின்னால் ஹாரன்.
கதவுப் பையில், குழந்தை இருக்கையில்,
சுங்கச் சாவடிச் சில்லறையில் எல்லாம் துழாவி
அறுநூற்று நாற்பது தேற்றினான்.

இங்கே குறைவது பிடிப்பவள் கணக்கில் சேரும்.
மேஸ்திரியைப் பார்த்துத் தலையசைத்தேன்,
முந்நூற்று அறுபது,
செங்கேணி என்று எழுதிக்கொண்டார்.

"வீடு எங்கம்மா?
அடுத்த வாரம் வரும்போது
நேர்ல கொண்டாந்து குடுத்துடறேன்" என்றான்.
குரலில் பொய் இல்லை.

"உங்க ஆர்.சி. புக்கைப் பாருங்க சார்,
எழுதியிருக்கு."

விழித்தான்.
பின்வண்டி மறுபடி அடித்தது.
நான் குழாயை உதறி மாட்டிவிட்டு
அடுத்த மூடியைத் திருகப் போனேன்.
எண்ணூறு.
புண்ணாக்கு வாசம்.
"ரொப்பும்மா."